காற்று இறைத்த கிணறு

மண்ணெண்ணெய் இல்லை என்பதைச் சங்கக்கடை மனேச்சர் நாலாவது நாளாகச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது. வெறும் கலனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பாக்கியரத்தினத்துக்குத்தான் கேட்டுப் பழகவில்லை.

“வந்தால் சொல்லி அனுப்புவன். வெயிலுக்க நிண்டு என்ன செய்யப் போறீங்கள்?”

“நான் நிண்டு கொள்ளுவன் ஐயா. வெங்காயம் நிக்காது.”

மனேச்சர் அவனுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, அவருக்கும் அதையே சொல்லத் தொடங்கினார்.

எழுபத்து நாலாம் ஆண்டு, ஆனி மாதம். எங்கோ அரபு நாட்டில் எண்ணெய் விலையை ஏற்றினார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். அந்த விலை கப்பலேறி வந்து சாம்பல்தீவில் அரை ஏக்கர் வெங்காயத்தின் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது? கழுத்தைப் பிடித்தேவிட்டது. பாக்கியரத்தினத்தின் தண்ணீர் இறைக்கும் மெஷின் மண்ணெண்ணெயில் ஓடுவது. நாலு நாளாக அது கிணற்றடியில் சாக்குப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தது. கச்சான் காற்றோ மேற்கிலிருந்து அடுப்புச் சூட்டோடு அடித்துக்கொண்டிருந்தது. மணல் தரை. ஒரு நாள் தண்ணீர் பிந்தினால் வெங்காயத் தாளின் நுனி மஞ்சளாகும். மூன்று நாள் பிந்தினால் தாள் மடிந்து படுக்கும். அவனுடைய தோட்டத்தில் மேற்குப் பக்கப் பாத்திகள் படுக்கத் தொடங்கிவிட்டன.

வெங்காயம் போனால் போகட்டும், அடுத்த போகம் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய நிலைமை அவனுக்கு இல்லை. அந்தப் பாத்திகளில் இருந்தது அவனுடைய பிள்ளை.

குணேஸ்வரி ஒரே பிள்ளை. ஒன்பது வயது. மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடிக்கொண்டு நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வேறென்ன. கூப்பன் அரிசி கிழமையில் மூன்று நாளுக்கு வந்தது. மிச்ச நாட்களுக்கு மரவள்ளிக் கிழங்கு. பேக்கரியில் பாண் வாங்க விடியற்காலையில் போய் வரிசையில் நின்றாலும் நிச்சயமில்லை. செய்தி கேட்டு, அவன் மனைவி கமலாதேவியின் தமக்கை புஷ்பவதி பாலையூற்றிலிருந்து கார் பிடித்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். புஷ்பவதிக்கும் அவள் புருஷன் இரத்தினசிங்கத்துக்கும் பிள்ளைகள் இல்லை. இரத்தினசிங்கத்துக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. வீட்டில் கரண்டு, மின்விசிறி, அலுமாரி நிறையப் புத்தகம். நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்களாக இருந்ததுதான் பாக்கியரத்தினத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபிக்கவாவது ஓர் ஆள் வேண்டாமா?

சித்திரையில் புஷ்பவதி பதமாகத்தான் கேட்டாள். “நீங்கள் குறையாக நினைக்கக் கூடாது. பிள்ளையை இப்பிடி இழுபறியில வைச்சிருக்க ஏலாது. எங்கட பேருக்கு எழுதித் தந்தால் இஞ்ச நல்ல பள்ளிக்கூடத்தில சேர்த்துப் படிப்பிப்பம்.”

“ஆடி முடியட்டும் மச்சாள்,” என்றான் பாக்கியரத்தினம். “வெங்காயம் கிண்டினால் வீடு நிமிரும். வந்து கூட்டிக்கொண்டு போவன். நிமிராட்டி நீங்கள் சொல்லுற கடுதாசியில கையெழுத்து வைக்கிறன்.”

கதவு மறைவில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த குணேஸ்வரி, அன்றைக்கே தன் உடுப்புகளை ஒரு துணிப் பையில் அடுக்கிக் கட்டிலின் கீழ் வைத்துவிட்டாள். ஞாயிறுதோறும் சைக்கிளில் பார்க்கப் போகும் தகப்பனிடம் அவள் முதலில் கேட்பது, “எத்தினை இலை அப்பா?” என்பதுதான். வெங்காயத்துக்கு இலை எண்ணிக் கொண்டிருந்தாள் பிள்ளை.

சங்கக்கடையிலிருந்து திரும்பியவன் கலனை எறிந்துவிட்டுக் கிணற்றடியில் ஏற்றத் துலாவைப் பிடித்தான். மெஷின் வருமுன் எல்லோரும் துலாவில் இறைத்தவர்கள்தான். ஆனால் அப்போது துலா மிதிக்க ஓர் ஆள், தண்ணீர் அள்ளும் பட்டை பிடிக்க ஓர் ஆள், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஓர் ஆள். மூன்று பேரும் வயிறாரச் சோறு தின்றவர்கள். இப்போது இருந்தது அவனும் கமலாதேவியும். விடியலில் தொடங்கி, வெயில் தலைக்கு ஏறுமுன் பத்துப் பாத்திக்கு மேல் நனைக்க முடியவில்லை. தோட்டத்தில் அறுபது பாத்தி. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போது முதல் பாத்தி மறுபடியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மூன்றாம் நாள் கமலாதேவி பட்டைக் கொடியைப் பிடித்தபடியே கிணற்றுக் கட்டில் சரிந்தாள். பசி தெரியாமல் இருக்க வெற்றிலையை வாயில் அடக்கி வைத்திருந்தவள், அதையும் துப்பிவிட்டு, “ஏலாதப்பா,” என்றாள். அந்த ஒரு சொல்லோடு துலா முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரத்தினசிங்கம் அவனைக் கதிரையில் இருத்திப் பேப்பர்த் துண்டுகளை எடுத்துப் பரப்பினார். எண்ணெய் நெருக்கடி வந்த நாளிலிருந்து அவர் வெட்டி வைத்தவை.

“பாக்கியம், உலகத்தில எண்ணெய் முடியப்போகுது. இனி வெயில்தான். அமெரிக்காவில கண்ணாடித் தட்டு மாதிரி ஒண்டைக் கூரையில வைச்சுக் கரண்டு எடுக்கிறான். கடல் வத்துறதையும் பெருகிறதையும் வைச்சு எடுக்கலாம். அணுவிலயும் எடுக்கலாம், ஆனால் அது ஆபத்து. மாட்டுச் சாணியில வாயு எடுத்து இந்தியாவில அடுப்பெரிக்கிறாங்கள்.”

“எப்ப அண்ணை வரும்?”

“இன்னும் ஒரு இருபது வருஷத்தில.”

“எனக்கு ஒரு இருபது நாளைக்குத்தான் வேணும் அண்ணை.”

இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டிக்காரர், ஆனால் வெங்காயத்துக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதே. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டுக் கம்பி சாம்பல்தீவுத் தெருவரைக்கும் வந்துவிட்டது. தோட்டத்துக்கு இழுக்க எழுதிக் கொடுத்து மூன்று வருஷம். இந்த விசிறி ஒரு நாள் குடிக்கிற கரண்டை என்னுடைய கிணற்றடிக்கு விட்டால் என்ன என்று பாக்கியரத்தினம் நினைத்தான். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டான். அந்த விசிறியின் கீழ்தானே அவன் பிள்ளை படுக்கிறாள்.

திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்தபடியே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். வெயில்: வேண்டிய மட்டும் இருக்கிறது, தட்டுத்தான் அமெரிக்காவில். சாணி: ஐந்து மாடு வேண்டும், அவனிடம் நின்றது பால் வற்றிய ஒன்று. யுத்தக் காலத்தில் கரி வாயுவில் லொறி ஓடியதென்று டவுனில் ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தான். அதற்குப் பீப்பா ஒட்டி, குழாய் இழுத்து, மெஷினைப் பிரித்துப் பூட்ட இரண்டு மாதமாகும்; பிழைத்தால் மெஷினும் போய்விடும். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டினான். வெங்காயத்தைக் கொல்லுகிற அதே கச்சான். இதற்கு மட்டும் கூப்பன் இல்லை, வரிசை இல்லை, தட்டுப்பாடு இல்லை என்று வாய்விட்டுத் திட்டியவன், திட்டிக்கொண்டே நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

அடுத்த நாள் விடிய முன்னமே கிண்ணியாவுக்குப் புறப்பட்டான். சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கோயிலைக் கொண்டுபோய் வைக்கலாம். வழியெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு போத்தல் எண்ணெய்க்கு ஊரே நாய் படாத பாடு படுகிறது, இங்கே எண்ணெய் ஊற்றி வைக்க இவ்வளவு பெரிய சட்டிகள். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

கிண்ணியாவில் முத்தலிப் காக்கா தோணி கட்டுகிற ஓடாவி. ஒரு மாரிக்கு அவருடைய தோணியில் பாக்கியரத்தினத்தின் வெங்காயம் மூதூருக்குப் போன பழக்கம். பலகைக்கு இழைப்புளி போட்டபடியே கதையைக் கேட்டவர், இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“பாய் விரிச்சா காத்து தோணியத் தள்ளும். தோணிய நட்டு வெச்சிட்டாப் பாய் சுத்தும். அவ்வளவுதானே தம்பி, செய்யேலும்.”

“எத்தினை நாள் காக்கா?”

“மரம் இரிந்தா அஞ்சு நாள். எனக்குக் கூலி வாணாம். வெங்காயம் வந்தா ஒரு மூடை தாங்க. புள்ளைய நெனச்சுத்தான் வாறன்.”

சொன்னபடி வந்தார். அவர் வேலை முடிக்கும்வரை பாக்கியரத்தினம் வாளியால் அள்ளித் தெளித்துத் தாளை உயிரோடு வைத்திருந்தான். இரண்டு பனங்குற்றியை நட்டு, பழைய காரின் அச்சொன்றை மேலே ஏற்றி, ஆறு கையுள்ள சக்கரம் பூட்டினார். கைகளுக்குக் கோதுமை மாச்சாக்குத் துணியில் பாய் தைத்தது கமலாதேவி. கிணற்றுக்குள் ஒரு குழாயை இறக்கி, அதற்குள்ளால் ஒரு கயிற்றை வளையமாக ஓடவிட்டார்கள். கயிற்றில் சாணுக்கு ஒன்றாகப் பழைய டயரில் வெட்டிய வட்டு. சக்கரம் சுற்றக் கயிறு ஓடும். கயிறு ஓட ஒவ்வொரு வட்டும் தன் மேலே தண்ணீரை ஏந்திக்கொண்டு வரும். ஊரே வேலியில் நின்று பார்த்தது. பைத்தியம் என்று சொல்ல வந்தவர்கள், குழாய் வாயில் தண்ணீர் தொபதொபவென்று விழுந்ததும் சொல்லாமல் போனார்கள்.

கமலாதேவி அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். மாசிக்குப் பிறகு அவள் அழுததைப் பாக்கியரத்தினம் அன்றைக்குத்தான் பார்த்தான்.

போகும்போது முத்தலிப் பாய்க் கயிற்றைக் காட்டிச் சொன்னார். “பொழுது பட்டாப் பாயச் சுருட்டிக் கட்டிப் போடுங்க தம்பி. ராவையில கச்சான் மூர்க்கமா வரும். சக்கரத்த முறிச்சிப் போடும்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் கிணறு என்பது சாமான்ய விஷயமில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கடலோடு சேரும் களப்பு. நிலத்துக்குக் கீழே உவர்த் தண்ணீர். அதன் மேல் மழை தந்த நல்ல தண்ணீர் பாலாடைபோல மெல்லிசாகக் கிடக்கிறது. ஆடையை மெதுவாக அள்ள வேண்டும். ஆகவே பகலில் இறைத்தால் விடியும்வரை கிணற்றைப் படுக்க விடுவார்கள். இரவில் இறைக்கவே மாட்டார்கள். அதோடு, இறைக்கத் தொடங்குமுன் முதல் வாளித் தண்ணீரை யாராவது நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு நாக்குப் பார்ப்பது என்று பெயர். வெற்றிலை போட்ட நாக்குக்கும் சுருட்டு இழுத்த நாக்குக்கும் தொடக்கத்து உவர் பிடிபடாது. அதனால் அது எப்போதும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பாக்கியரத்தினத்தின் வீட்டில் அதைச் செய்தவள் குணேஸ்வரி. கையைக் கிண்ணமாக்கி ஒரு மிடறு குடித்து, வானத்தைப் பார்த்து யோசித்து, “நல்ல தண்ணி,” என்று தீர்ப்புச் சொல்வாள். இரண்டு முறை, “நாக்கில கடிக்குது,” என்று சொல்லி மெஷினை நிறுத்த வைத்திருக்கிறாள். அவள் போன பிறகு அந்த வேலையை யார் செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. மெஷின் எண்ணெய்க் கஞ்சத்தனத்தில் ஓடிய காலத்திலும், துலா பத்துப் பாத்தியோடு களைத்துப்போன காலத்திலும் கிணறு தானாகவே படுத்தது. நாக்குப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

முதல் நாலு நாளும் பொழுது பட்டதும் பாயைச் சுருட்டிக் கட்டினார்கள். வெங்காயம் எழும்பியது. படுத்த தாள்கூட நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குணேஸ்வரியிடம், “புது இலை வந்திருக்குதம்மா,” என்று சொன்னான். காற்றாடியை மண்ணில் கீறிக் காட்டினான். அவள் துணிப் பையை வெளியில் எடுத்து, உடுப்புகளை மறுபடி மடித்து வைத்தாள்.

ஆனால் பகல் முழுக்க இறைத்தும் நாற்பது பாத்திக்குத்தான் தண்ணீர் எட்டியது. மேற்குப் பக்கத்து இருபதும் இன்னும் காய்ந்தே கிடந்தன. அந்த இருபது போனாலும் மிச்சத்தில் வீடு ஓரளவு நிமிரும். ஆனால் ஓரளவைக் காட்டி மச்சாளின் முன் நிற்க அவனுக்குப் பயம். ஒன்றும் சொல்ல முடியாதபடி, வண்டி நிறைய வெங்காயத்தோடு போய்ப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

“இஞ்சருங்கோ, பாயைக் கட்டேல்லையே?” என்று கேட்டாள் கமலாதேவி.

“காத்து இண்டைக்குச் சாதுவாத்தான் வருகுது. சக்கரம் முறியாது. சும்மா வாற காத்து, ஓடட்டும்.”

அவளும் தலையாட்டினாள். இருவருக்கும் முத்தலிப் சொன்னதுதான் மனதில் இருந்தது. சக்கரத்துக்குக் காவலிருந்தார்கள். கிணற்றை மறந்தார்கள். மண்ணெண்ணெய் என்றால் துளித் துளியாக எண்ணி ஊற்றுகிறவன், எப்போது நிறுத்துவது என்று மெஷினே சொல்லிப் பழகியவன், களைக்காத ஒன்று கையில் வந்ததும் தலைகால் தெரியாமல் போனான். வாய்க்காலை மேற்குப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டுப் படுத்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இருவரும் விடியும்வரை நித்திரை கொண்டார்கள்.

காலையில் இருபது பாத்தியும் மினுமினுத்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பகலும் விட்டான், மறு இரவும் விட்டான். கிணற்றில் நீர்மட்டம் இறங்கவே இல்லை என்று கமலாதேவி சந்தோஷமாகச் சொன்னாள். எப்படி இறங்கும்? மேலே போகப் போகக் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபோது மேற்குப் பாத்திகளின் வரம்பில் மா கொட்டியதுபோல ஒரு வெள்ளை படர்ந்திருந்தது. பாய் தைத்த மாச்சாக்கிலிருந்து மா உதிர்ந்ததோ என்று ஒரு கணம் பார்த்தான், கடவுளே, அப்படியும் ஒரு மனிதன் நம்பப் பார்ப்பானா? குனிந்து தொட்டு நாக்கில் வைத்தான். சுருட்டு இழுத்த நாக்குக்கே கரித்தது. குழாய் வாய்க்கு ஓடிக் கையில் ஏந்திக் குடித்தான். கடல்.

பாய்க் கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தியால் அறுத்தான். சக்கரம் நின்றது. அதன் பிறகு அவன் செய்யாத வேலை இல்லை. அரை மைல் தள்ளியிருந்த கோயில் கிணற்றிலிருந்து காவடித் தடியில் இரண்டு தகரம் கட்டி நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினான். கமலாதேவி குடத்தில் சுமந்தாள். உப்புக்கு மேல் ஊற்றிய தண்ணீரை மணல் குடித்துவிட்டு உப்பை மட்டும் திருப்பித் தந்தது. தாள்கள் நுனியிலிருந்து வெளுத்து வந்தன. கிழக்குப் பாத்திகளுக்கு விடக் கிணற்றில் நல்ல தண்ணீர் இல்லை. அவையும் பின்னால் போயின. ஐந்தாம் நாள் கமலாதேவி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினாள். மிளகளவில் இருந்தது, அமுக்க வெறும் தோலாகப் போனது. “குணேசு,” என்று அதைப் பார்த்துத்தான் அவள் கூப்பிட்டாள்.

ஏழாம் நாள் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று சங்கக்கடை மனேச்சர் ஆள் அனுப்பினார். பாக்கியரத்தினம் போகவில்லை.

ஆடி முடிய அவன் காத்திருக்கவில்லை. காத்திருந்து என்ன? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேர்ட்டுப் போட்டுக்கொண்டு பாலையூற்றுக்குப் போனான். கமலாதேவி வரவில்லை, வந்தால் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டேன் என்று அவளே சொன்னாள். அவன் முகத்தைக் கண்டதும் இரத்தினசிங்கம் ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டார். புஷ்பவதி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கடுதாசி மேசையில் வந்தது.

குணேஸ்வரி துணிப் பையோடு ஓடி வந்தாள். கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. சைக்கிளில் தனக்கென்று சீற்றுக் கட்டியிருக்கிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். கட்டியிருக்கவில்லை.

“வெங்காயம் பட்டுப்போச்சம்மா,” என்றான்.

“தண்ணி காணாமலோ?”

“தண்ணி வந்தது. உவர் வந்திட்டுது.”

பிள்ளை வழக்கம்போல நிமிர்ந்து பார்த்து யோசித்தாள். வானம் இல்லை, மேலே விசிறிதான் சுற்றியது.

“முதல் வாளி ஆர் நாக்குப் பார்த்தது?”

இரத்தினசிங்கம் எழுந்து போய் யன்னலடியில் நின்றார்.

“ஒவ்வொரு ஞாயிறும் வந்தனீங்கள்தானே அப்பா,” என்றாள் குணேஸ்வரி. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பிழைத்த இடத்தைக் காட்டுகிறவள்போலச் சொன்னாள். “ஒரு போத்தில்ல அடைச்சுக் கொண்டந்திருந்தால் நான் பார்த்துச் சொல்லியிருப்பன்.”

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தமும், உடுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கும் சத்தமும் கேட்டன. புஷ்பவதி பேனையை நீட்டினாள். பாக்கியரத்தினம் அதை வாங்கி, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான்.